வளைந்த வால் யாருடையது?

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று நம் பெரியவர்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாய் வளர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஒத்தாசையை யாரும் செய்ததில்லை. நாய் செருப்பைக் கடித்துக் குதறினால், "அதன் குணம் அப்படி!" விருந்தாளியின் மேல் பாய்ந்தால், "அதன் குணம் அப்படி!" மாடிப்படியில் போகிறவரையெல்லாம் பார்த்துக் குரைத்தால்... கவலை எதற்கு, பழமொழிதான் இருக்கிறதே!

நானும் இரண்டு வருஷம் இந்தப் பழமொழியின் நிழலில் சுகமாகத்தான் இருந்தேன். அத்தை கீழே விழுந்த அன்றுதான் எனக்குத் தூக்கம் கலைந்தது.

சமாசாரத்தை ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிரகிருதி இருந்தால் பயன்படும். இல்லாவிட்டாலும், நாய் வளர்க்கும் அடுத்த வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரு லாப்ரடார் நாய் இருக்கிறது. பெயர் பீமன். உள்ளங்கையில் அடங்கிவிடுமோ என்ற அளவில் வந்தபோது வேடிக்கையாக வைத்த பெயர் அது. பெயரைக் காப்பாற்றியே தீருவது என்று அது தீர்மானித்துவிட்டது. இரண்டு வயதில் எடை 32 கிலோ. வீடோ மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட ஃபிளாட்.

பீமனிடம் கோபம் என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. அதன் குற்றமெல்லாம் அன்புதான். வாசல் மணி அடித்தால் போதும். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பாய்ச்சல். நாற்காலி ஒரு பக்கம், மிதியடி ஒரு பக்கம். கதவு திறந்ததும், வந்தவருடைய மார்பில் முன்கால்கள் இரண்டும்! காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரானாலும் சரி, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த சம்பந்தியானாலும் சரி, பாரபட்சமே இல்லை. வெள்ளை வேட்டியோடு வந்தவர்கள் எல்லாம் பாத முத்திரையோடு திரும்பினார்கள்.

"பயப்படாதீங்க ஸார், ஒண்ணும் செய்யாது!" என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். நாய் வளர்க்கும் எல்லோரும் ஓதும் மந்திரம் இது. கடிக்காது என்பதுதான் அதற்கு அர்த்தம். கீழே தள்ளாது என்று அர்த்தமில்லை.

* * *

போன வருஷம் ஒரு நாள் காலை, கும்பகோணத்திலிருந்து என் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. வயது 68. ஒரு கையில் பை, மறு கையில் எனக்குப் பிடித்த முறுக்கு டப்பா. மணி அடித்தது. நான் கதவைத் திறந்து "வாங்க அத்தை!" என்று சொல்வதற்குள் பீமன் சொல்லிவிட்டது, தன் பாணியில்.

அத்தை நிலைப்படியில் பின்னால் சாய்ந்து, இடது கையை ஊன்றி விழுந்தாள். முறுக்கு எல்லாம் நடைபாதையில் உருண்டது. பீமன் ஒரு கணம் அத்தையைப் பார்த்தது. ஒரு கணம் முறுக்கைப் பார்த்தது. பிறகு என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. "தலை அடிபடாமல் போனதே, அதைச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் குடும்ப சபை கூடியது. தாம்பரத்திலிருந்து அண்ணா வந்தார். அண்ணா அதிகம் பேசுகிறவரல்ல. "நாயை அனுப்பிடு" என்றார். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்தவர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. "அங்கே போனால் இஷ்டப்படி ஓடி விளையாடும்" என்று ஆளுக்கு ஆள் சமாதானம் சொல்லிக் கொண்டோம். வாசகர்களே, நகரத்து நாய்களுக்குத் தென்னந்தோப்பு என்றால் அந்தமான் என்று அர்த்தம். மரத்தடியில் ஒரு சங்கிலி, ஒரு தகரத் தட்டு, வேளைக்கு ஒரு தடவை சோறு. எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். ஒன்பது வயதுப் பையனுக்குத் தெரியாது என்று நினைத்தோம். அவன் ஒன்றுமே பேசவில்லை. ராத்திரி தன் தலையணையை எடுத்துக்கொண்டு போய்ப் பீமனுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் கொண்டான்.

அத்தை அண்ணா வீட்டில் இருந்தாள். விஷயத்தைச் சொல்லப் போனேன். "அத்தை, நாயை அனுப்பிடறோம். இனிமே நீங்க பயமில்லாம வரலாம்" என்றேன்.

அத்தை கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீ ஆபீஸிலேருந்து வந்தா அது என்னடா பண்ணும்?"

"மேலே தாவும்."

"நீ என்ன பண்ணுவே?"

"கொஞ்சுவேன்."

"உன் மேலே விழுந்தா கொஞ்சறே. என் மேலே விழுந்தா நாடு கடத்தறே. மனுஷாளுக்கு மனுஷா நியாயம் மாறும்னு அந்த வாயில்லா ஜீவனுக்கு யாரு சொன்னா? கட்டுப் பிரிக்க ஆறு வாரம் இருக்கு. அதுக்குள்ளே ஏதாவது பண்ணு. நான் வந்து பார்த்துட்டு அப்புறம் சொல்றேன்."

ஆறு வாரம் வாய்தா! பரீட்சை அதிகாரி அத்தை.

* * *

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நான் பீமனைக் கவனிக்கவில்லை, எங்களைக் கவனித்தேன். கதவைத் திறந்ததும் நான் அதைக் கட்டித் தழுவிக்கொள்கிறேன். பையன் அதன் முன்கால்கள் இரண்டையும் பிடித்து நடனம் ஆடுகிறான். என் மனைவி "கீழே இறங்கு!" என்று அதட்டுகிறாள், அது கேட்காதபோது, ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து இறக்குகிறாள். மூன்று வாத்தியார்கள், மூன்று பாடத் திட்டம்!

முதலில், நாய் ஏன் தாவுகிறது? ஓநாய்க் குட்டிகள், வேட்டையிலிருந்து திரும்பும் பெரிய ஓநாய்களின் வாயோரத்தை நக்கும். நக்கினால் அவை விழுங்கி வந்த இரையைக் கக்கிக் கொடுக்கும். நாய்க் குட்டிகளுக்கும் அந்த வழக்கம் உண்டு. வாயருகே போவதுதான் வரவேற்பு. மனிதருடைய வாய் ஐந்தடி உயரத்தில் இருப்பது நாயின் தவறா? அது எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

எட்டிப் பார்ப்பது வழக்கமாக மாறுவது நம்முடைய கைங்கரியம். 1898-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க அறிஞர் பூனைகளைப் பெட்டியில் வைத்துச் சோதித்தார். எந்தச் செய்கைக்குப் பிறகு திருப்தியான பலன் கிடைக்கிறதோ அந்தச் செய்கை மறுபடி வரும் என்று கண்டார். அவருக்குப் பின் வந்த ஸ்கின்னர் இன்னொன்றும் சொன்னார்: பலன் ஒவ்வொரு தடவையும் கிடைக்காமல், எப்போதாவது கிடைத்தால் அந்தப் பழக்கம் இன்னும் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும்.

எப்போதாவது விழும் பரிசுக்காக வாரா வாரம் சீட்டு வாங்கிய கதை நமக்குத் தெரியாததா? தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். நாங்கள் மட்டும் வீட்டுக்குள் பீமனுக்காகத் திருட்டுத்தனமாக நடத்தி வந்தோம். பத்துத் தடவை தாவினால் ஒன்பது தடவை திட்டு, ஒரு தடவை பிஸ்கட். விடுமா அது?

அதிலும் திட்டு என்று நாம் நினைப்பது நாய்க்குத் திட்டே அல்ல. "இறங்கு, இறங்கு" என்று கையால் தள்ளினால் அது குஸ்தி. உரத்த குரலில் கத்தினால், "எஜமானரும் சேர்ந்து குரைக்கிறார்" என்று அதற்குச் சந்தோஷம். கண்ணோடு கண் பார்ப்பது, பேசுவது, தொடுவது எல்லாமே அதற்குப் பரிசுதான்.

* * *

இந்தச் சமயத்தில் இலவச ஆலோசனைகளுக்குக் குறைவே இல்லை. கீழ்வீட்டு நண்பர் ஒருவர் லிஃப்டில் என்னைப் பிடித்துக் கொண்டார். "ஸார், நாய் என்பது ஓநாய் ஜாதி. கூட்டத்துக்கு யார் தலைவன் என்பதுதான் அதற்குப் பிரச்னை. மல்லாக்கத் தள்ளி, கழுத்தை அமுக்கி, நீங்கள்தான் தலைவர் என்று காட்டிவிடுங்கள்!" என்றார்.

32 கிலோ பீமனை நான் மல்லாக்கத் தள்ளுவதா, அது என்னைத் தள்ளுவதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தத் 'தலைவன்' கதைக்கே ஒரு கதை உண்டு. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதிய ஆராய்ச்சி அதன் வேர். டேவிட் மெக் என்ற ஓநாய் நிபுணர் 1970-ல் வெளியிட்ட புத்தகம் அந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியது. அதே மெக் பிறகு கனடாவின் வடகோடியில், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைப் பல வருஷம் கூட இருந்து கவனித்தார். 1999-ல் திருத்தி எழுதினார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைவர் பதவிக்குச் சண்டையெல்லாம் அங்கே அன்றாட சங்கதி இல்லை என்று. நம் வீடுகளில்தான் இன்னும் அந்தப் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொருவர் "இரண்டு போடு போடுங்கள்" என்றார். நாயை அடிப்பானேன் என்று ஒரு பழமொழி இருக்கிறது அல்லவா? அதன் பிற்பாதியைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. ஆனால் அதில் இருக்கும் உண்மை முதல் தரமானது. அடிக்குப் பயந்த நாய் நடுக்கூடத்தில் என்ன செய்யுமோ அதை நாம்தான் துடைக்க வேண்டும். பயம் குறும்பைவிட மோசம். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமலை விட்டுவிடலாம். கடியை விடும் என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை மணியைப் பிடுங்கிவிட்டுத் தீயை அணைத்ததாக நினைப்பது போலத்தான் அது. அமெரிக்காவில் விலங்குகளின் நடத்தையை ஆராயும் கால்நடை மருத்துவர்களின் சங்கமும் 2021-ல் இதைத் தெளிவாகச் சொன்னது: பரிசு கொடுத்துப் பழக்குவதே வழி, அடி, மின்சாரப் பட்டை, முள் பட்டை எதுவும் வேண்டாம்.

கடைசியில் எங்கள் பேட்டைக் கால்நடை மருத்துவரிடம் போனேன். அந்த அம்மையார் பீமனின் காது, பல், இடுப்பு எல்லாவற்றையும் பார்த்தார். சில நாய்கள் வலியால்கூட நிலை கொள்ளாமல் தவிக்குமாம். வலி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தார். "அது எதைச் செய்யக் கூடாது என்றே சொல்லிக்கொண்டு வருகிறீர்களே, எதைச் செய்ய வேண்டும் என்று எப்போதாவது சொல்லிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாகப் பீமனுக்கு நான் சொன்னதெல்லாம் 'கூடாது' தான். கூடாது, கூடாது என்றால், பாவம், அது வேறு எதைத்தான் செய்யும்?

* * *

அன்றே எங்கள் வீட்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. நாலு காலும் தரையில் இருந்தால் பீமனுக்குச் சகல மரியாதையும் உண்டு. ஒரு கால் தூக்கினாலும் நாம் மரம். திட்டக் கூடாது, தள்ளக் கூடாது, பார்க்கவும் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றுவிட வேண்டும். சட்டம் எனக்கும் உண்டு, பையனுக்கும் உண்டு, துணி தேய்த்துக் கொண்டு வருகிறவருக்கும் உண்டு.

இதற்கு ஜோடியாக ஒரு பாடம்: 'உட்கார்'. உட்கார்ந்துகொண்டே தாவ முடியாது அல்லவா? சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. ஒரு பனீர்த் துண்டை மூக்கருகே காட்டி மெல்லத் தலைக்கு மேலே கொண்டு போனால் மூக்கு மேலே போகும். பின்பக்கம் தானாகக் கீழே வரும். உட்கார்ந்த அதே கணத்தில் "சபாஷ்!" உடனே பனீர். இரண்டு நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்குப் பரிசு என்றே அதற்குத் தெரியாது. 1951-ல் ஸ்கின்னர் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் வற்புறுத்தினார். ஒரு சின்ன ஓசையை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னார். எங்களுக்குச் 'சபாஷ்'.

துண்டு பட்டாணி அளவு போதும். தின்பதை நாளைய சோற்றிலிருந்து கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பீமன் கடோத்கஜனாகிவிடும். எங்கள் வீடு சைவம், ஆகவே பனீரும் காரட்டும். அசைவ வீடுகளில் உப்புப் போடாமல் வேகவைத்த கோழித் துண்டு. ஆனால் சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம். குழந்தைகளிடம் இதை முதலில் சொல்லி வையுங்கள்.

அடுத்தது வாசல் மணி. பாவ்லாவ் என்ற ருஷ்ய விஞ்ஞானியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். ஓர் ஓசைக்குப் பின் சோறு வரும் என்று பழகிய நாய், ஓசை கேட்டதுமே எச்சில் ஊறும் என்று கண்டவர். எங்கள் வீட்டு மணி பீமனுக்கு இரண்டு வருஷமாக 'திருவிழா ஆரம்பம்' என்று பொருள் பட்டு வந்தது. அதை 'பாயில் போய் உட்கார்ந்தால் பனீர்' என்று மாற்ற வேண்டும்.

பையன் வெளியே நின்று மணி அடிப்பான். யாரும் வர மாட்டார்கள். நான் கூடத்து மூலையில் விரித்த கோரைப் பாயைக் காட்டி, அதன்மேல் ஒரு துண்டைப் போடுவேன். பீமன் போய்த் தின்னும். மறுபடி மணி. மறுபடி பாய். நாளைக்கு இருபது தடவை. எதிர்வீட்டு மாமி இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்தார். உண்மையாகவே யாராவது வரும்போது மட்டும் பீமனின் கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டிவிட்டுத்தான் கதவைத் திறப்பது. பாடம் முடியும்வரை விருந்தாளிகளைச் சோதனைப் பொருளாக்குவது தர்மமில்லை.

மூன்றாவது, கால்களுக்கு வேலை. லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் வலை இழுத்தவர்கள். பிறகு இங்கிலாந்தில் வேட்டைக்காரர் சுட்ட பறவையைக் கவ்விக்கொண்டு வருவது தொழில். ஓடவும் நீந்தவும் வாயில் தூக்கவும் வளர்த்த ஜாதியை மூன்றாவது மாடியில் அடைத்துவிட்டு, 'சும்மா இரு' என்றால் எப்படி? காலை ஐந்தரைக்கு ஒன்று, அஸ்தமனத்துக்குப் பிறகு ஒன்று, இரண்டு வேளை நடை. வெயிலில் சென்னைத் தார் ரோடு நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதனாலும் முடியாது.

நடையிலும் சட்டம் உண்டு. கயிறு இறுகினால் நான் நிற்பேன், தளர்ந்தால் நடப்பேன். முதல் நாள் எங்கள் வாசலிலிருந்து தெருக்கோடி டீக்கடைக்குப் போக இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது வாரம் ஏழு நிமிஷம். நடுவில் அது எதை மோந்து பார்த்தாலும் அவசரப்படுத்துவதில்லை. நமக்குக் காலையில் பத்திரிகை எப்படியோ, அதற்குத் தெருவோரக் கம்பம் அப்படி! மூக்குக்கு வேலை கொடுத்தால் உடம்பு அடங்குகிறது. அதனால் சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைக்காமல், பழைய துண்டில் சுருட்டி வைத்து, தேடித் தின்ன விட்டோம். பத்து நிமிஷத் தேடல், ஒரு மணி நேரத் தூக்கம்.

தூக்கமும் முக்கியம். பெரிய நாய்க்கே நாளைக்குச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் தூக்கம் வேண்டும். குட்டிக்கு இன்னும் கூட. டெலிவிஷன், விளையாட்டு, விருந்தாளி என்று அதை ஓயவே விடாமல் வைத்தால், தூக்கம் கெட்ட குழந்தை மாதிரிதான் ஆர்ப்பாட்டம் செய்யும். நாம் அதை "ரொம்ப சுறுசுறுப்பு!" என்று பெருமையாகச் சொல்லிக் கொள்வோம்.

* * *

எல்லாம் சொன்னபடி நடந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. இரண்டாவது வாரம் பீமன் முன்னைவிட மோசமாயிற்று. நான் மரமாக நின்றால் முதுகில் தாவியது. சட்டையைப் பிடித்து இழுத்தது. குரைத்தது. அண்ணாவுக்குப் போன் செய்து தென்னந்தோப்பின் விலாசம் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

மருத்துவ அம்மையார் போனிலேயே சிரித்தார். "லிஃப்ட் பொத்தானை அழுத்துகிறீர்கள், வரவில்லை. உடனே படியில் இறங்கிவிடுவீர்களா? நாலு தடவை ஓங்கி அழுத்திப் பார்ப்பீர்கள் அல்லவா? அதுதான் இது. இப்போது விட்டுக் கொடுத்தால், ஓங்கி அழுத்தினால்தான் லிஃப்ட் வரும் என்று கற்றுக்கொள்ளும். இன்னும் நாலு நாள் பொறுங்கள்."

பொறுத்தோம். ஐந்தாவது நாள் மாலை நான் கதவைத் திறந்தேன். பீமன் ஓடி வந்தது. முன்கால் இரண்டும் தரையை விட்டு ஓர் அங்குலம் எழுந்தன. என்னைப் பார்த்தது. கால்கள் இறங்கின. மெதுவாக உட்கார்ந்தது. உடம்பு முழுவதும் நடுங்கியது. அவ்வளவு ஆசையையும் உள்ளே அடக்கிக்கொண்டு ஒரு ஜீவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது. பையில் இருந்த பனீர் முழுவதையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். அந்த ஒரு நாள் கணக்குப் பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை எச்சரிக்கை. இவ்வளவும் பீமன் போன்ற சந்தோஷப் பேர்வழிகளுக்குச் சொன்னது. உறுமுகிற, கடிக்க வருகிற, திடீரென்று குணம் மாறிய நாய்க்குப் பத்திரிகை வைத்தியம் போதாது. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வெறிநாய்த் தடுப்பூசியைக் காலம் தவறாமல் போட்டு வையுங்கள். எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நம்ம வீட்டு நாய்தானே!" என்ற சமாதானம் இங்கே உதவாது.

* * *

ஆறு வாரம் முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் அத்தை வந்தாள், அண்ணாவோடு. அண்ணா முன்னால் நின்று கொள்வதாகச் சொன்னாராம். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

மணி அடித்தது.

பீமன் எழுந்தது. வாசலைப் பார்த்தது. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான். கயிறு என் கையில் தொளதொளவென்று தொங்கியது. பீமன் திரும்பி, கோரைப் பாய்க்குப் போய் உட்கார்ந்தது. வால் மட்டும் தரையைப் பெருக்கிக் கொண்டிருந்தது.

அத்தை உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அதற்கு அப்புறம்தான், "வாடா பீமா" என்றாள்.

போயிற்று. அவள் எதிரில் உட்கார்ந்தது. அத்தை, கட்டுப் பிரித்து வெளுத்துப் போயிருந்த அந்த இடது கையைத்தான் அதன் தலையில் வைத்தாள். பையன் அழுதுகொண்டே சிரித்தான். அண்ணா ஒன்றும் பேசாமல் போய், பனீர்க் கிண்ணம் எது என்று என் மனைவியிடம் கேட்டார்.

பரீட்சையில் நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது. அத்தை கொண்டு வந்திருந்த பைக்குள் ஐந்து நிமிஷம் கழித்து ஒரு தலை நுழைந்திருந்தது. முறுக்கு விஷயத்தில் எந்தச் சாஸ்திரமும் இன்னும் முழு வெற்றி பெறவில்லை.

"நாய் வாலை நிமிர்த்த முடியாதுன்னு சொல்வாங்களே அத்தை, பார்த்தீங்களா!" என்று நான் பெருமையடித்துக் கொண்டேன்.

அத்தை பீமனை ஒரு தடவை பின்பக்கமாகப் பார்த்தாள். லாப்ரடாருக்கு வால் நீர்நாயின் வாலைப் போலத் தடித்து, நேராக இருக்கும்.

"இதுக்கு வால் பொறந்ததிலேருந்தே நேராத்தானேடா இருக்கு?" என்றாள்.